சைக்கிள் தேடும் முன் காலை அளந்து பாருங்கள்!

எங்கள் நெற்குப்பைப் பக்கம் பெரிய வீடுகளில் ஒரு பழைய சைக்கிள் எப்படியும் இருக்கும். இரண்டாங்கட்டிலோ, சாமான் அறையிலோ தூசி படிந்து சுவரோடு சாய்ந்து கிடக்கும். "இரும்புக்காரன் வந்தால் போட்டுவிடலாம்" என்பார் மாமியார். "ஐயா ஓட்டினது, இருந்துட்டுப் போகட்டுமே" என்பார் வீட்டுக்காரர். இரண்டு பேரும் அதைத் துடைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்!

ஆனால் சகோதரிகளே, இப்போது அந்தச் சைக்கிளைத் தேடித்தான் ஊர் ஊராக ஆட்கள் வருகிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன அல்லவா? மரத்தூணும் பீங்கான் ஜாடியும் வாங்க வருகிறவர்களுக்கு நடுவே, "ராலே இருக்கா, ஹம்பர் இருக்கா?" என்று கேட்கிறவர்களும் உண்டு. இவர்களில் இன்னொரு ரகம் இருக்கிறது. இவர்களுக்குச் சாதாரண சைக்கிள் போதாது. பழைய காலத்து எஃகு ரேஸ் சைக்கிள்தான் வேண்டும். கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில் பார், ஒல்லிக் குழாய், ஒல்லி டயர். என் கொழுந்தனார் மகன் இந்த ரகம். சென்னையில் வேலை பார்க்கிறான். இரண்டு வருஷமாக இதே தேடல்தான்.

"அலுமினியம், கார்பன் என்று எடை குறைந்ததெல்லாம் வந்தாச்சே, ஏம்ப்பா இந்தப் பழசு?" என்று ஒரு நாள் கேட்டேன். "எஃகு கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும் பெரியம்மா, ரோட்டு அதிர்ச்சி கைக்கு வராது. விரிசல் விட்டாலும் பற்றவைச்சுக்கலாம்" என்றான். பற்றவைக்கலாம் என்பது முழு உண்மை. அதிர்ச்சி தெரியாமல் இருப்பதில் பெரும் பங்கு டயரின் அகலத்துக்கும் காற்றுக்கும்தான் சேரும். அதையும் அவன் பிறகு ஒப்புக்கொண்டான்.

இந்த ரேஸ் சைக்கிளில் அப்படி என்ன விசேஷம்? எல்லாம் குழாயில்தான். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில் ரெனால்ட்ஸ் என்று ஒரு குழாய்க் கம்பெனி. குழாயின் இரண்டு நுனியும் கனமாக, நடுப்பகுதி மெல்லியதாக இருக்கும்படி செய்ய 1897-லேயே காப்புரிமை வாங்கினார்கள். நம் உலக்கைக்கு முனையில் பூண் போடுகிறோமே, ஏன்? இடி வாங்குகிற இடம் அது. சைக்கிள் குழாய்க்கும் இணைப்பு இருக்கிற நுனியில்தான் சூடும் சுமையும் அதிகம். அங்கே கனம் வைத்து, நடுவில் குறைத்துவிட்டால் எடையும் குறையும், பலமும் போகாது. 1935-ல் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த எஃகில் '531' என்ற குழாயைக் கொண்டுவந்தார்கள். அந்த எண் எழுதிய ஸ்டிக்கரைப் பார்த்தால் இந்தப் பிள்ளைகளுக்குக் கண் விரிந்துவிடும். நம் ஊர் கனத்த சைக்கிள் 20 கிலோ அளவில் இருந்தால், இந்த ரேஸ் சைக்கிள் 10 கிலோ அளவில்தான் இருக்கும். 1972-ல் பெல்ஜியத்து வீரர் எடி மெர்க்ஸ் மெக்சிகோ நகரில் ஒரே மணி நேரத்தில் 49 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சாதனை செய்ததும் எஃகு சைக்கிளில்தான்.

இதில் நம் செட்டிநாட்டுக்கும் ஓர் உறவு இருக்கிறது. அந்த ரெனால்ட்ஸ், அந்நாளில் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்ததாக இருந்தது. அதே குழுமத்தோடு கைகோத்துத்தான் நம் பள்ளத்தூர் முருகப்பா குடும்பத்தார் 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியைத் தொடங்கி, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள் செய்தார்கள். 1980-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஹாலந்து வீரர் யோப் சூட்டமெல்க் ஜெயித்தபோது அவருடைய அணியின் பெயர் டி.ஐ.-ராலே. நம் வீட்டு ஹெர்குலிஸுக்கு அது ஒன்றுவிட்ட பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

சரி, கதைக்கு வருவோம். பையன் கடைசியில் ஒரு 531 சைக்கிளை வெளியூரில் ஒருவரிடம் வாங்கிவிட்டான். ஒரு மாதச் சம்பளம் போயிற்று. பெயின்ட் பளபளப்பு, ஸ்டிக்கர் அசல். ஆனால் அந்தச் சட்டம் 23 அங்குலம். இவன் உயரமோ ஐந்தடி ஐந்தங்குலம். கைப்பிடியை எட்டிப் பிடிக்க முதுகை நீட்டி நீட்டி, மூன்றே மாதத்தில் கழுத்து வலி. இரண்டு கையிலும் சுண்டுவிரல் மரத்துப்போகத் தொடங்கியது. டாக்டர், "ஒரு மாதம் சைக்கிளைத் தொடாதே" என்று சொல்லிவிட்டார். ஆசை ஆசையாய் வாங்கியது மூலையில் நின்றது.

இதற்குள் காலேஜில் முதல் வருஷம் படிக்கிற என் மகள், "அண்ணன் ஓட்டாத சைக்கிளை எனக்கு வாங்கிக் கொடுங்கம்மா" என்று நின்றாள். அவள் அண்ணனை விடக் குட்டை! இப்போதுதான் தையல் டேப்பை எடுத்தேன். இந்தக் கணக்கு ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும், பொறுமையாகக் கேளுங்கள்.

செருப்பில்லாமல் சுவரில் முதுகு ஒட்டி நில்லுங்கள். ஒரு தடித்த புத்தகத்தை இரு தொடைக்கும் நடுவே, சீட்டில் உட்காருவது போல் நன்றாக மேலே அழுத்திப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். இதுதான் உங்கள் கால் அளவு. இதை 0.67-ஆல் பெருக்கினால் ரேஸ் சைக்கிளின் சட்ட அளவு வரும். அதாவது பெடல் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து, சீட்டுக் குழாயும் மேல் குழாயும் சேரும் இடம்வரை. 0.883-ஆல் பெருக்கினால் அதே அச்சிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம். என் மகளுக்குக் கால் 72 சென்டிமீட்டர். சட்டம் 48, சீட்டு உயரம் சுமார் 63 அரை. அண்ணனுக்குக் கால் 76. சட்டம் 51, அதாவது 20 அங்குலம். அவன் வாங்கியதோ 58 சென்டிமீட்டர்!

கணக்கு வராதவர்களுக்கு எளிய வழி: சட்டத்தின் மேல் குழாயைத் தாண்டி நின்றால், இரண்டு பாதமும் தரையில் படிந்து, குழாய்க்கு மேலே ஓரிரு அங்குலம் இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட்டு தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சீட்டை ஏற்றி இறக்கிச் சரிசெய்யலாம், கைப்பிடியைத் தாங்கும் கழுத்துத் துண்டைக் குட்டையாக மாற்றலாம். ஆனால் சட்டம் பெரிதாகிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

எது நல்ல சைக்கிள் என்று நம் பக்கத்துப் பெண்கள் எப்போதோ காட்டிவிட்டார்கள். எங்களுக்கு அடுத்த பொன்னமராவதி, புதுக்கோட்டை மாவட்டம். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்களைச் சைக்கிள் கற்கத் தூண்டினார். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். சிலர் அதைத்தான் விரும்பினார்கள். ஏன் தெரியுமா? முன் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! எனக்கு அப்போது பத்துப் பதினொரு வயது. குடத்தைப் பின்னால் கட்டி, குழந்தையை முன்னால் வைத்து ஓட்டிப் போன அக்காமார்களைக் கண்ணால் பார்த்தவள் நான். அவர்கள் பெயரையும் ஸ்டிக்கரையும் பார்க்கவில்லை. தன் வேலை என்ன, தன் கால் எட்டுமா என்று பார்த்தார்கள்.

என் மகளுக்கும் அப்படியே செய்தோம். அம்பத்தூரில் செய்த பழைய எஃகு ஸ்போர்ட்ஸ் சைக்கிள் ஒன்று, 19 அங்குலச் சட்டம், அவள் அளவுக்குக் கிடைத்தது. ஒயர், டயர், பிரேக் கட்டை மட்டும் புதிது. துப்பட்டா சிக்காமல் பின் சக்கரத்துக்கு வலை. தினம் பஸ் ஸ்டாப் வரை போய் வருகிறாள். அண்ணன் தன் 531-ஐக் கொஞ்சம் நஷ்டத்துக்கு உயரமான ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, இப்போது 20 அங்குலத்தில்தான் தேடுகிறான். கையில் டேப்போடு!

உங்கள் வீட்டுச் சைக்கிளை எடைக்குப் போடும் முன் துடைத்துப் பாருங்கள். செயின் வீலில் கொக்குத் தலை இருந்தால் ராலே. விரித்த உள்ளங்கை இருந்தால் ரட்ஜ். மூன்று துப்பாக்கி சாய்த்து வைத்த சின்னம் பி.எஸ்.ஏ. வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது வேறு. ஹேண்டிலுக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்துக்குப் பின்னால் பெயின்ட் சுருங்கியிருந்தால், முன்னால் மோதிய சைக்கிள் அது, வேண்டாம். சீட்டுக் கம்பி அசைகிறதா என்று பாருங்கள். துருப்பிடித்து இறுகிப் போனால் உயரத்தை மாற்றவே முடியாது. பெடல் அச்சு இருக்கும் அடிப்பகுதியில் துரு ஓட்டை இருக்கிறதா என்றும் தட்டிப் பாருங்கள்.

நாற்பது தாண்டிய சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உடம்பின் பாரம் சீட்டில் இறங்குவதால் சைக்கிள் முழங்காலுக்குச் சுகம், இதயத்துக்கும் நல்லது. ஆனால் அதே காரணத்தால் எலும்புக்கு அவ்வளவு பலம் சேர்க்காது. அதனால் நடையையும் விட்டுவிடாதீர்கள்.

என்ன, தையல் டேப்பைத் தேட ஆரம்பித்துவிட்டீர்களா?