பாமரர் பாட்டும் பைந்தமிழே

நாட்டுப் பாடல் இலக்கியமாகாது, கொச்சை மலிந்தது என்பார் இன்றும் நம்மிடையே உளர். ஆண்டுவிழாவில் பட்டிமன்றத்துக்கும் திரைப்பட மெல்லிசைக்கும் மணிக்கணக்கில் இடந்தருவோர், தெம்மாங்கு என்றதும் முகஞ்சுளிக்கின்றனர். திரையில் ஒலிக்கும் பறையோசைப் பாட்டே நாட்டுப் பாட்டு என எண்ணுவோர் வேறு. இரு சாராரையும் வன்மையாக மறுக்கிறோம்.

அங்கேரி நாட்டிலும் இம்மயக்கம் இருந்தது. பார்த்தோக், கொதாய் என்னும் இசையறிஞர் இருவரும் நூற்றாண்டுக்கு முன்பு ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்து உழவர் சிற்றூர்களை நாடினர். நகரத்தார் நாட்டிசையெனக் கொண்டாடியது விடுதிகளில் வாசிக்கப்பட்ட இசையே என்பதை உலகுக்குக் காட்டினர்.

நமக்கு அப்பணியைச் செய்தவர் பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980). அவருக்கு முன்பே, பெர்சி மாக்வீன் என்னும் ஆங்கிலேய அதிகாரி திரட்டிய பாடல்கள் கி.வா.ஜ. பதிப்பில் 'மலையருவி'யாக வெளிவந்தன. அன்னியர் அறிந்த அருமையை நாம் அறியாதது வெட்கமன்றோ! பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திய நா.வா., 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பை 1964இல் அளித்தார். 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைக் கண்டார்.

அவர் தொகுத்தது மட்டுமா? முத்துப்பட்டன் கதையைப் பாருங்கள். அந்தணனாகிய பட்டன், அருந்ததியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்காவை மணந்தான்; அவர்தம் மாடுகளைக் காக்கப் போரிட்டு மாண்டான். அப்பெண்களும் பிறப்பால் அந்தணரே எனக் கதையில் புகுத்தப்பட்டிருந்தது. அது பிற்கால இடைச்செருகல் என நா.வா. வாதிட்டார். பாட்டைத் 'திருத்துவோர்' எதனைத் திருத்துகின்றனர் என்பது இப்போது விளங்குகிறதா? கொச்சையை நீக்குகிறோம் என்று தொடங்குவோர் குலத்தையே மாற்றிவிடுவர்.

அணுசக்தி நகரில் வாழும் நம் இல்லங்களிலும், தாராவியின் நெல்லைக் குடும்பங்களிலும் அன்னையரும் மாமியாரும் இருக்கின்றனர். பேரப்பிள்ளைகளுக்கு இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் பழகிவிட்டன. பாட்டியின் தாலாட்டு கேட்பாரின்றி நிற்கிறது. அணுவின் உள்ளே பார்க்கும் கருவிகளோடு நாளெல்லாம் பழகும் நமக்கு, கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்த நேரமில்லை!

வரும் ஞாயிறே தொடங்குவோம். பாடியவர் பெயர், ஊர், எந்த வேலையில் எச்சடங்கில் பாடியது, அனைத்தும் குறிக்கப்பட வேண்டும். ஒரு சொல்லையும் திருத்தலாகாது. ஒப்பாரியை வீட்டுக்குள் பாடுவது அமங்கலம் என்று மூதாட்டியர் தயங்குவர். அவர்களை மாலையில் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.