மொதல்ல எந்த ஷெல்லுன்னு பாருங்கப்பா!

"கையால ஓட்டினா ஓடுது, கிரான்ல போட்டா ஓட மாட்டேங்குது!" நாவலூர் பக்கம் பொட்டி தட்டுற மக்கள்கிட்ட அடிக்கடி கேட்குற புலம்பல் இது. உடனே பக்கத்து சீட்டுலேர்ந்து வைத்தியம் வரும்: "பாஷ்ஆர்சில ஒரு வரி சேரு மச்சி." சரியாகலைன்னா ப்ரொஃபைல்ல. அப்பவும் ஆகலைன்னா ரெண்டுலயும். இது வைத்தியம் இல்லீங்க, வேப்பிலை அடிக்கிறது.

லினக்ஸ் சொல்லித்தர்றவங்க எல்எஸ், சிடி-யோட சேர்த்து 'இப்ப நான் இருக்கிறது எந்த மாதிரி ஷெல்?'னு கேட்கவும் சொல்லித்தரணும். இதான் என் கட்சி.

பாஷ் ஒண்ணுதான், ஆனா அவதாரம் பல. எஸ்எஸ்ஹெச்ல உள்ள நுழைஞ்சா லாகின் ஷெல். ப்ரொஃபைல் கோப்பைப் படிக்கும். உபுண்டு டெஸ்க்டாப்ல டெர்மினல் திறந்தா லாகின் இல்லாத ஷெல்; பாஷ்ஆர்சியைப் படிக்கும். ஸ்கிரிப்ட் ஓடும்போது ரெண்டையுமே தொடாது. கிரான் இன்னும் மோசம்: வழக்கமா அது கூப்பிடுறது பாஷையே இல்லை, எஸ்ஹெச்சை. உபுண்டுவில் 2006-லேர்ந்து அது டேஷ். பாத்தும் ரொம்பச் சின்னது.

கண்டுபிடிக்க ரெண்டு நிமிஷம் போதும். 'எக்கோ $-' அடிங்க. விடையில ஐ எழுத்து இருந்தா நீங்க தட்டத் தட்ட பதில் சொல்ற ஷெல். 'ஷாப்ட் லாகின்_ஷெல்' அடிச்சா லாகினா இல்லையான்னு ஆன், ஆஃப்ல சொல்லிடும். $ஷெல்-ஐ மட்டும் நம்பாதீங்க. அது உங்க கணக்குக்கு ஒதுக்கின ஷெல்லைத்தான் சொல்லும், இப்ப ஓடுறதை இல்லை. அதுக்கு 'பிஎஸ் -பி $$' இருக்கு.

"முழுப் பாதையை எழுதினா முடிஞ்சுது, இதுக்கு எதுக்குய்யா ஒரு பதிவு?"ன்னு கேட்பீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு இடத்துல ராத்திரி பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடிட்டே இருந்துச்சு. கிரானுக்கு டம்ப் எடுக்குற கட்டளை எங்க இருக்குன்னு தெரியலை. ஆனா '>' குறி தன் கடமையைச் செஞ்சு தினம் ஒரு காலிக் கோப்பை உருவாக்கிடுச்சு. பேர் சரி, தேதி சரி, அளவு 0 பைட். டேட்டா தேவைப்பட்ட அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. எல்லாரும் கையால ஓட்டிப் பார்த்து 'ஓகே' சொன்னதுதான்!

இன்னொண்ணு, பாஷ்ஆர்சில 'வணக்கம் தலைவா'ன்னு எக்கோ போட்டு வைக்கிற கூட்டம். எஸ்சிபி வேலை செய்யாம போகும், காரணம் புரியாது. டெபியன் தர்ற பாஷ்ஆர்சியைத் திறந்து பாருங்க, ஆரம்பத்துலயே $-ல ஐ இல்லைன்னா திரும்பிப் போயிடும். நம்ம சென்னை சிடாக் உருவாக்கின பாஸ் லினக்ஸுக்கும் டெபியன்தான் அடித்தளம். ஆக, பாடம் எப்பவோ கைக்கு வந்தாச்சு, படிக்கலை.

டிஸ்கி: மேக் ஆளுங்க சிரிக்க வேணாம். 2019-ல கேட்டலினா வந்ததுலேர்ந்து உங்களுக்கு இசட்எஸ்ஹெச். அது பாஷ்ஆர்சியைத் திரும்பிக்கூடப் பார்க்காது :-)