வீட்டுத்திட்டக் கணக்கு மக்கள் முன் வரட்டும்

ஆசிரியருக்கு,

வீட்டுத்திட்ட உதவி தவணை தவணையாகவே வரும். அத்திவாரம் முடிந்தால் ஒன்று, சுவர் எழும்பினால் அடுத்தது. 2019 நவம்பர் ஆட்சி மாற்றத்தின் பின் இலங்கையெங்கும் பலருக்கு மிச்சத் தவணை நின்றுபோனது. நகையை அடகு வைத்துச் சுவர் எழுப்பிய எங்கள் அயல் குடும்பமொன்று இன்னும் தகரக் கொட்டிலில்தான் இருக்கிறது. எங்கே கேட்டாலும், "மேலிடத்தில் கேளுங்கள்" என்பதே பதில்.

2023 மார்ச்சில் பிரதேச சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6 தேர்தல் வரை எமக்காகக் கேள்வி கேட்கத் தெரிவுசெய்யப்பட்ட சபை உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. இன்று இருக்கிறார்கள். பணம் வீடமைப்பு அதிகார சபை, பிரதேச செயலகம் வழியாக வந்தாலும், ஊரின் கணக்கைக் கேட்பது தம்பலகாமம் பிரதேச சபையின் கடமை.

உறுப்பினர்களே, பயனாளிகளைத் தெரிவுசெய்த அளவுகோல், ஒதுக்கிய தொகை, கொடுத்த தவணை, மிச்சம் ஆகியவற்றை ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் ஒட்டுங்கள். சபைக் கூட்டத்தில் மாதந்தோறும் விவாதியுங்கள்.

மக்களும் சும்மா இருக்கலாகாது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரசையும் விண்ணப்பிக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அலுவலகம் அறிவிக்க வேண்டும். அடுத்த மாரிக்கு முன் அந்தச் சுவர்களில் கூரை ஏறட்டும்.

ஒரு வாசகர்,
தம்பலகாமம்.