உம்மாவின் உறக்கம்

கொச்சிக்கடையில் எங்கள் அயலில் வளைகுடா நாடுகளுக்குப் போய் வந்த தாய்மார் பலர் இருக்கிறார்கள். "பிள்ளைகளுக்காகப் போனோம்" என்பார்கள். அதற்கு மேல் பேசமாட்டார்கள்.

2010இல் என் உம்மாவும் குவைத்துக்குப் பணிப்பெண்ணாகச் சென்றார். அப்போது எனக்கு மூன்று வயது. அண்மையில் அவரிடம், "என்னை விட்டுட்டுப் போகக்குள்ள அழுதீங்களா உம்மா?" என்று கேட்டேன்.

"பிளேன்ல ஏறினதும் உறங்கிட்டேன் மகள். நீ பிறந்த பிறகு யாரும் எழுப்பாம உறங்கினது அண்டைக்குத்தான். முழிச்ச பிறகுதான் அழுதேன்" என்றார்.

இரண்டு நாள் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. அவர் அழுதது மனதில் நிற்கவில்லை, உறங்கியதுதான் உறுத்தியது.

பிறகு யோசித்தேன். தாயின் சுமையைச் சிரமம் என்றே அல்குர்ஆன் (46:15) சொல்கிறது, மறைக்கவில்லை. களைப்பைச் சொல்லும் தாயைப் பாசமில்லாதவள் என்று நாம் மட்டும் ஏன் நினைக்கிறோம்?

2013இல், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள தாய்மார் வீட்டு வேலைக்காக வெளிநாடு செல்வதை அரசாங்கம் தடுத்தது. தந்தையருக்கு அப்படியொரு தடை இல்லை. பிள்ளையின் கணக்கைத் தாயிடம் மட்டுமே கேட்கிறோம். நானும் அப்படித்தான். உம்மா இல்லாத ஆண்டுகளில் எப்படி உறங்கினீர்கள் என்று வாப்பாவிடம் இன்றுவரை கேட்டதில்லை.

அன்பும் அலுப்பும் ஒரே மனதில் இருக்கலாம். தாய்மாரே, அதைச் சொல்லுங்கள். தோழியரே, அவர்கள் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். நான் திருப்பிக்கொண்ட அந்த இரண்டு நாட்களுக்காக உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.