கற்றாழை: தடவலாம், தெரிந்து தடவ வேண்டும்

வாசலில் திருஷ்டிக்காகக் கற்றாழையைத் தலைகீழாகக் கட்டித் தொங்க விடுவார்கள். மண் இல்லை. தண்ணீர் இல்லை. ஆனாலும் அது சீக்கிரம் வாடுவதில்லை. காரணம், மடலுக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது. அதன் சோற்றில் 100-க்கு 98 பங்கு தண்ணீர்தான்!

அந்தச் சோற்றைத் தோலில் தடவினால் குளிர்ச்சியாக இருக்கும். வெயில் பட்ட எரிச்சல் தணியும். பாட்டிமார்கள் சொன்னது வீண் பேச்சு அல்ல. எக்ஸ்ரே கதிரால் புண்பட்ட தோலுக்கு இது குணம் தந்ததாக 1935-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் எழுதி வைத்தார்கள்.

அதற்காக, "செடிதானே, என்ன செய்துவிடும்?" என்று இருந்துவிடக் கூடாது.

மஞ்சள் பால்

ஒரே மடலில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. மேல்தோலுக்கு அடியில் கசப்பான மஞ்சள் பால். அதற்கும் உள்ளே வழவழப்பான சோறு. சோறு இதம் தரும். பாலோ சிலருக்கு அரிப்பும் தடிப்பும் தரும். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கரியபோளம், இந்தப் பால் இறுகியதுதான். அது கடுமையான பேதி மருந்து. பத்திரமானது என்று நிரூபிக்கப்படாததால், டாக்டர் சீட்டு இல்லாமல் அதைப் பேதி மருந்தாக விற்க அமெரிக்க அரசு 2002-ல் தடை போட்டது. கர்ப்பிணிகள் அதை உட்கொள்ளவே கூடாது.

எப்படித் தடவுவது?

மடலை அறுத்து, அறுத்த பக்கம் கீழே இருக்கும்படி சிறிது நேரம் நிறுத்தி வைக்க வேண்டும். பால் வடிந்துவிடும். பிறகு தோலைச் சீவி, சோற்றைப் பல முறை கழுவ வேண்டும். முதலில் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி, ஒரு நாள் பார்ப்பது நல்லது. அரித்தால் விட்டுவிட வேண்டும். வேலி ஓரத்தில் முள்ளோடு வளரும் ஆனைக் கற்றாழை வேறு செடி. அதன் சாறு பட்டால் தோல் எரியும்.

கடையில் வாங்கும் பச்சை நிறக் களிம்பில் வாசனையும் சாயமும் கலந்திருக்கலாம். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

குழந்தை சுட்டுக்கொண்டால்...

அடுப்படியில் குழந்தை கையைச் சுட்டுக்கொண்டால், செடியைத் தேடி ஓடக் கூடாது. முதலில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கையைக் காட்ட வேண்டும். கொப்புளம் கிளம்பினாலும், தோல் உரிந்தாலும், கருகினாலும் எதையும் தடவாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

கற்றாழை நல்ல கைவைத்தியம். டாக்டர் செய்ய வேண்டிய வேலையை அதனிடம் ஒப்படைப்பதுதான் ஆபத்து.