சொன்ன சொல்லுக்கு எடை வேண்டும்: கல்லூரி பேஸ்பால் பெற்றோரின் கோரிக்கைச் சாசனம்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பேஸ்பால் ஆடிக் கல்லூரி அணியில் இடம் தேடும் பிள்ளைகளின் பெற்றோர் நாங்கள். கல்லூரி விளையாட்டுக்கு விதி வகுக்கும் என்.சி.ஏ.ஏ., கல்லூரிகளின் விளையாட்டுத் துறைகள், பயிற்சியாளர்கள், பள்ளிக்கு வெளியே ஆடும் கோடைக்கால டிராவல் அணிகளையும், கல்லூரிப் பயிற்சியாளர்கள் முன் பிள்ளைகள் ஆடிக்காட்டும் ஷோகேஸ்களையும் நடத்துவோர் ஆகிய எல்லோர் முன்பும் இந்தச் சாசனத்தை வைக்கிறோம்.

எங்கள் பிள்ளைக்கு இடம் கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பள்ளியில் ஆடும் நூறு பையன்களில் ஏழெட்டுப் பேர்தான் என்.சி.ஏ.ஏ. கல்லூரி அணிகளுக்குப் போகிறார்கள்; அவற்றில் மேல்மட்டமான முதல் பிரிவு அணிகளுக்குப் போகிறவர்கள் இரண்டு பேருக்குச் சற்று அதிகம். இந்தக் கணக்கு தெரிந்துதான் சனிக்கிழமை விடியுமுன் காரை எடுக்கிறோம். பதினாறு வயதுப் பையன் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்களே, உங்கள் வாக்கையும் அப்படியே காப்பாற்றுங்கள். எங்கள் எல்லாக் கோரிக்கைகளும் இதிலிருந்து கிளைத்தவைதான்.

இதை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்ததால் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அட்லாண்டாவின் வடக்குப் புறநகரில் இருக்கிறோம். என் மூத்த மகன் இடது கைப் பிட்சர். பதினோராம் வகுப்பில் ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் அவனை அழைத்துப் பேசினார், வளாகத்தைச் சுற்றிக் காட்டினார். “ஸ்காலர்ஷிப் இல்லை, ஆனால் அணியில் இடம் உண்டு” என்றார். பையன் சரி என்றான். மற்றக் கல்லூரிகளோடு பேசுவதை நிறுத்திவிடு என்று அவர் கேட்டுக்கொண்டார்; நிறுத்தினான். பேசிக்கொண்டிருந்த இரண்டு பயிற்சியாளர்களுக்கும் அவனே கடிதம் எழுதி நன்றி சொல்லி விடைபெற்றான். 2025 ஏப்ரல் கடைசி வாரம், பள்ளி முடிய ஒரு மாதம் இருக்கையில், அதே பயிற்சியாளரிடமிருந்து அழைப்பு வந்தது. அணியில் 34 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாத நிலை வருகிறது, கல்லூரி மாற விரும்புவோர் பெயர் பதியும் போர்ட்டலிலிருந்து இரண்டு இடது கைக்காரர்கள் வருகிறார்கள், மன்னிக்க வேண்டும். நாலு நிமிஷம் பேசியிருப்பார். பையன் போனை வைத்துவிட்டு, “மா, நான் ஏதாவது தப்பாப் போட்டேனா?” என்று கேட்டான். மே 1 அன்று பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்கள் சேரப்போகும் கல்லூரியின் பெயர் போட்ட பனியனோடு பள்ளிக்குப் போவது இங்கே வழக்கம். அவன் வெறும் சாம்பல் நிறப் பனியனைப் போட்டுக்கொண்டு போனான்.

அந்தப் பயிற்சியாளர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். வாசல் அடைபட்டது ஒரே நாளில் அல்ல. 2020 மார்ச்சில் கொரோனாவால் பருவம் நின்றது. அந்த வருடத்து ஆட்டக்காரர்களுக்கு என்.சி.ஏ.ஏ. கூடுதலாக ஓர் ஆண்டு கொடுத்தது. அதே 2020-இல் தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் டிராஃப்ட் 40 சுற்றிலிருந்து 5 சுற்றாகச் சுருங்கியது, மறு ஆண்டு முதல் 20 சுற்று. 2021-இல் அந்த அணிகளுக்கு ஆள் தயார்செய்யும் மைனர் லீக் அணிகளும் 160 அளவிலிருந்து 120 ஆகக் குறைந்தன. வெளியே போக வேண்டியவர்கள் கல்லூரியிலேயே தங்கினார்கள். 2024 ஏப்ரல் முதல், படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறி உடனே ஆடலாம் என்றானது. 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன், கல்லூரி ஆட்டக்காரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு இறுதி ஒப்புதல் தந்தார். அதை ஏற்ற கல்லூரிகளில் பேஸ்பால் அணிக்கு 34 பேர் என்பது வரம்பு. இந்த வரம்பால் இடமிழந்தவர்களை அதற்கு வெளியே வைத்துச் சேர்த்துக்கொள்ள அந்தச் சமரசத்தில் வழி செய்திருக்கிறார்கள். ஆனால் திரும்பச் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கல்லூரி மாறும் சுதந்திரத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. பயிற்சியாளர் நினைத்தால் வேறு கல்லூரிக்குப் போகலாம், ஆட்டக்காரன் போகக் கூடாது என்றிருந்த காலம் அநியாயமானது. எங்கள் பிள்ளைகளுக்கும் நாளை அந்தச் சுதந்திரம் வேண்டும். ஆனால் இத்தனை மாற்றங்களின் பாரமும் கடைசியில் யார் தோளில் விழுகிறது என்று பாருங்கள்: கையில் எந்தக் காகிதமும் இல்லாத பதினேழு வயதுப் பையன் தோளில்.

ஆகவே கோருகிறோம்.

1. இடம் தருகிறோம் என்று பயிற்சியாளர் சொன்னால், பதினைந்து நாளுக்குள் அது கடிதமாக வர வேண்டும். பணம் எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு, அது விளையாட்டுக்கான பணமா, படிப்புக்கான பணமா, குடும்ப வருமானம் பார்த்துத் தருவதா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். முதல் பிரிவு பேஸ்பாலில் பல ஆண்டுகளாக ஓர் அணிக்கு 11.7 முழு ஸ்காலர்ஷிப்தான் இருந்தது. அதைத்தான் இருபத்தேழு பேர் வரை கால், அரை என்று பிரித்துக்கொண்டார்கள். ஹவுஸ் சமரசத்தை ஏற்ற கல்லூரிகளில் இன்று அந்த உச்சவரம்பு போய்விட்டது, பணம் தருவதா வேண்டாமா என்பது கல்லூரியின் விருப்பம். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடக் கிடையாது. இந்த வித்தியாசம் புரியாமல், “ஸ்காலர்ஷிப் கிடைச்சிருச்சு” என்று சொந்தக்காரர்களுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டு, ஆகஸ்டில் கட்டணச் சீட்டைப் பார்த்து உட்கார்ந்துபோன குடும்பங்கள் எங்களில் உண்டு. பணமில்லாமல் இடம் மட்டும் தருவதாக இருந்தாலும் கடிதம் வேண்டும். இன்றைய முறையில் கையெழுத்தாவது பண உதவி ஒப்பந்தம்தான். பணமில்லாத பையனுக்குக் கையெழுத்துப் போட ஒரு தாளும் இல்லை.

2. அதே கடிதத்தில் எண்ணிக்கையும் இருக்க வேண்டும்: அவன் சேரும் ஆண்டில் எத்தனை பேருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள், அவர்களில் அவன் இடத்தில் ஆடுபவர்கள் எத்தனை பேர்.

3. பின்வாங்க வேண்டிவந்தால் பன்னிரண்டாம் வகுப்பின் டிசம்பர் 1-க்குள் சொல்லுங்கள். பல கல்லூரிகளுக்கு விண்ணப்பக் கடைசி நாள் ஜனவரி தொடக்கத்தில் வருகிறது. டிசம்பரில் சொன்னால் பையன் வேறு கதவைத் தட்டலாம். ஏப்ரலில் சொன்னால் தட்டக் கதவே இல்லை. அந்தத் தேதிக்குப் பிறகு மதிப்பெண், ஒழுக்கம் ஆகிய காரணங்களுக்காக அல்லாமல் விலக்கினால், சொன்ன பண உதவியை முதல் ஆண்டுக்காவது கல்லூரி தர வேண்டும்.

4. கேம்ப் விளம்பரத்தை அழைப்பு மாதிரி அனுப்பாதீர்கள். “உன் ஆட்டத்தைக் கவனித்து வருகிறோம், எங்கள் கேம்ப்புக்கு வா” என்று மின்னஞ்சல் வரும்போது பையன் அதை நான்கு முறை படிக்கிறான். நூற்றுக்கணக்கான டாலர் கட்டி, ஹோட்டலில் தங்கி, மைதானத்துக்குப் போனால் அதே வரிகள் வந்த எண்பது பையன்கள் நிற்கிறார்கள். அவன் ஆடுவதை நீங்கள் பார்த்ததில்லை என்றால் பார்த்தோம் என்று எழுதாதீர்கள். எத்தனை பேரைச் சேர்க்கிறீர்கள், முடிவெடுக்கும் பயிற்சியாளர் அங்கே இருப்பாரா என்பதைக் கட்டணம் வாங்குமுன் சொல்லுங்கள்.

5. பிள்ளைகளின் கையைக் காப்பாற்றுங்கள். தாய்மார்களும் தகப்பன்மார்களும் அதிக நேரம் பேசியது இந்தக் கோரிக்கையைப் பற்றித்தான். 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், முழங்கைத் தசைநார் அறுந்த டாமி ஜானுக்கு முதல்முதலாக அதைச் சரிசெய்யும் அறுவைச் சிகிச்சையைச் செய்தபோது டாமி ஜான் முப்பதைக் கடந்த தொழில்முறை ஆட்டக்காரர். இன்று அதே சிகிச்சைக்குப் பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள். மேஜர் லீக் பேஸ்பாலும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் 2014-இல் வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டியின்படி 17, 18 வயதுப் பையன் ஒரு நாளில் 105 பந்துக்கு மேல் வீசக் கூடாது; 81-ஐத் தொட்டால் நான்கு நாள் ஓய்வு; ஆண்டில் நான்கு மாதம் போட்டிகளில் பிட்சிங்கே கூடாது. மேஜர் லீக் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வறிக்கையும், வேகத்தைத் துரத்துவதும் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீசுவதும்தான் காயங்களுக்கு முக்கியக் காரணம் என்றது. அந்தப் பழக்கம் பள்ளி வயதிலேயே தொடங்குவதையும் அது சுட்டிக்காட்டியது. அப்படியிருக்க, ஓய்வெடுக்க வேண்டிய மாதங்களில்தான் ஷோகேஸ் வைக்கிறீர்கள், ரேடார் கன்னைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். வியாழக்கிழமை பள்ளிக்காக எண்பது பந்து வீசியவன் சனிக்கிழமை வேறு அணியின் சட்டையில் பிட்சர் மேட்டில் நிற்கிறான். பள்ளி அணி ஒரு நோட்டு வைத்திருக்கிறது, டிராவல் அணி ஒரு நோட்டு, ஷோகேஸ்காரரிடம் நோட்டே இல்லை. கை மட்டும் ஒன்றுதான். எல்லா அணிக்கும் பொதுவாக ஒரே பந்துக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைக் காட்டாத பையனை மேட்டில் ஏற்றக் கூடாது. நவம்பர் முதல் ஜனவரி வரை பிட்சர்களுக்கு ஷோகேஸ் கூடாது.

6. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள். ஒரு வரி போதும். மாதக்கணக்கில் பதிலே இல்லாமல் காத்திருப்பதைவிட அது பிள்ளைக்கு நல்லது.

7. முதல் பிரிவுக்கு 16 அடிப்படைப் பாடங்கள் தேவை. அவற்றில் 10-ஐப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடித்திருக்க வேண்டும். இதைப் பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பிலேயே குடும்பத்தை உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கும் கடமை உண்டு, அதையும் எழுதித் தருகிறோம். பயிற்சியாளருக்கான கடிதத்தை எங்கள் பிள்ளைகளே எழுதுவார்கள். நாங்கள் அவர்கள் பெயரில் எழுதமாட்டோம். ஏன் ஆடவிடவில்லை என்று கேட்டுப் பயிற்சியாளரை அழைக்கமாட்டோம். முழங்கை வலிக்கிறது என்று பிள்ளை சொன்ன நாளில், எந்தக் கல்லூரியிலிருந்து யார் வந்து பார்த்துக்கொண்டிருந்தாலும், பந்தை வாங்கிவிடுவோம். வாக்குக் கொடுத்த பையன் மனம் மாறினால் அன்றே தானே போன் செய்து சொல்வான்.

என் மூத்தவன் இப்போது இரண்டாண்டு ஜூனியர் காலேஜில் படித்துக்கொண்டே ஆடுகிறான். இளையவன் கேட்சர், ஒன்பதாம் வகுப்பு. பதினோராம் வகுப்பு தொடங்குமுன் வரும் ஆகஸ்ட் 1-லிருந்துதான் முதல் பிரிவுக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் அவனோடு பேசலாம் என்பது விதி. அதற்கு இன்னும் இரண்டு ஆகஸ்டு இருக்கிறது. அதற்குள் முதல் மூன்று கோரிக்கைகளையாவது விதியாக்குங்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை ஆடினால், இதன் கீழ் உங்கள் கையெழுத்தையும் போடுங்கள்.