கோட்டுகாலில் இருந்து ஒரு கலைஞர் எந்த ஊருக்குப் போகலாம்? எல்லைப்புற வரலாறு சொல்லும் கணக்கு

உங்களுக்கு வயது 26 என்று வைத்துக்கொள்வோம். வீடு கோட்டுகாலில். ஒரு பக்கம் விழிஞ்ஞம் துறைமுகம், இன்னொரு பக்கம் பாலராமபுரம் கைத்தறித் தெருக்கள். தெற்கே பாறசாலை தாண்டினால் களியக்காவிளை, அதாவது தமிழ்நாடு. பகலில் டெக்னோபார்க்கில் வேலை, ராத்திரியில் ஓவியம். மனசுக்குள் ஒரே கேள்வி: வேலையை விட்டுவிட்டு முழுநேரக் கலைஞர் ஆகணும்னா எந்த ஊருக்குப் போகணும்?

நண்பர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "சென்னைக்குப் போ, தமிழ் இருக்கு." "கொச்சிக்குப் போ, பினாலே இருக்கு." "பெங்களூரு போ, காசு இருக்கு." வீட்டில் கேட்டால், "எங்கேயும் போக வேணாம், இருக்கிற வேலையைப் பாரு."

இந்தக் கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதில்லை. பழைய தெற்குத் திருவிதாங்கூரில் இருந்து 150 வருஷமாக ஓவியர்களும் பாடகர்களும் எழுத்தாளர்களும் சினிமாக்காரர்களும் ஊர் தேடிப் போயிருக்கிறார்கள். சிலர் போகாமலே இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தால், கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால்:

• கலைஞருக்கு ஓர் ஊர் நாலு விஷயம் தர முடியும்: கற்க இடம், பிழைக்க வழி, பார்க்க ஆள், கூட வேலை செய்ய ஆள்.
• நாலையும் ஒரே ஊரில் பெற்றவர்கள் மிகக் குறைவு. நிலைத்தவர்கள் பெரும்பாலும் இவற்றைப் பல ஊர்களில் பிரித்து வைத்துக்கொண்டார்கள்.
• எல்லாருக்கும் எல்லா ஊரும் ஒரே மாதிரி கதவு திறப்பதில்லை.

ரவிவர்மா எந்த ஊர்க்காரர்?

கிளிமானூரில் 1848இல் பிறந்தவர் ராஜா ரவிவர்மா. 14 வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்து வரப்பட்டார். ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவு, அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடுவிடம் நீர்வண்ணப் பயிற்சி, அங்கே வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் வரைவதைப் பார்த்துப் பழகிய எண்ணெய் வண்ணம். கற்றதெல்லாம் திருவனந்தபுரத்தில்.

பெயர் கிடைத்தது அங்கே இல்லை. 1873இல் மெட்ராஸ் கண்காட்சியிலும், அதே ஆண்டு வியன்னாவிலும் கிடைத்த பரிசுகள்தான் அவரை வெளியுலகத்துக்குக் காட்டின. பெரிய சந்தை கிடைத்தது இன்னும் தொலைவில். 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் நாடு முழுக்கப் பூஜை அறைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. கடைசிக் காலத்தில் திரும்பி வந்த ஊர் கிளிமானூர். அங்கேதான் 1906இல் இறந்தார்.

அரச குடும்பத்தோடு உறவு இருந்தவருக்கே ஓர் ஊர் போதவில்லை. கற்க ஓர் ஊர், பெயருக்கு ஓர் ஊர், காசுக்கு ஓர் ஊர், இருப்புக்கு ஓர் ஊர் என்று பிரித்துக்கொண்டார். நம்மில் பலர் இதை ஒரே வாடகை வீட்டுக்குள் அடக்கப் பார்க்கிறோம்.

எல்லாத்தையும் ஒரே ஊரில் போட்டால்?

அகஸ்தீஸ்வரத்தில் 1900இல் பிறந்தவர் ஜே. சி. டேனியல். இன்று மலையாள சினிமாவின் தந்தை என்று அழைக்கப்படுபவர். சினிமாத் தொழிலைப் பார்த்துப் பழக மெட்ராஸுக்கும் பம்பாய்க்கும் போனார். திரும்பி வந்து, குடும்ப நிலத்தை விற்று, 1926இல் திருவனந்தபுரம் பட்டத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற ஸ்டூடியோவைத் தொடங்கினார். கேரளத்தின் முதல் ஸ்டூடியோ அதுதான். 'விகதகுமாரன்' படத்தை எழுதி, இயக்கி, ஒளிப்பதிவு செய்து, தயாரித்து, நடித்ததும் அவரே. வெளியான ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் இரண்டு கணக்கு உண்டு.

படம் தோற்றது. ஸ்டூடியோ மூடியது. டேனியல் பல் மருத்துவராகப் பிழைத்து, 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார்.

அவரிடம் திறமை இருந்தது, துணிச்சல் இருந்தது. திருவனந்தபுரத்தில் அப்போது இல்லாதது வேறு: இன்னொரு தயாரிப்பாளர் இல்லை, பழகிய தொழில்நுட்ப ஆட்கள் இல்லை, ஒரு படம் போனால் அடுத்த படத்துக்குக் கடன் கொடுக்க ஆள் இல்லை. விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஒரு தொழிலே அந்த ஊரில் கிடையாது. கையில் இருந்த மொத்த முதலையும் அங்கேதான் போட்டார்.

அடுத்த அடி எல்லைக்கோட்டால் வந்தது. 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் பிரிந்தபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் மெட்ராஸ் மாநிலத்துக்குப் போயின. கோட்டுகால் இருக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வயதான டேனியல் உதவித்தொகை கேட்டபோது, அவர் தமிழ்நாட்டுக்காரர் என்று சொல்லி கேரள அரசு மறுத்தது பரவலாகப் பதிவாகியிருக்கிறது. அதே கேரளம் 1992 முதல் தன் உயரிய திரைப்பட வாழ்நாள் விருதை அவர் பெயரில் கொடுக்கிறது.

எல்லைப்புறக் கலைஞருக்கு இது இன்றும் பொருந்தும். அரசுக் கலைக் கல்லூரி இடமோ, அகாடமி உதவியோ, நலவாரியமோ, பெரும்பாலும் மாநிலத்தின் பெயரில்தான் வருகிறது. ஊர் மாறும்போது எந்த மாநிலத்துக் கதவு திறக்கும், எது மூடும் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஊரே விரட்டினால்?

'விகதகுமாரன்' கதாநாயகி பி. கே. ரோஸி. தலித் பெண். திரையில் நாயர் பெண்ணாக நடித்தார். அதைப் பொறுக்காத சாதி இந்துக்கள் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் கல்லெறிந்தார்கள். அவருடைய குடிசைக்கும் தீ வைக்கப்பட்டது. ரோஸி ஊரை விட்டு ஓடி, நாகர்கோவில் பக்கம் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தார். மறுபடி நடிக்கவில்லை.

டேனியல் ஊரைத் தேர்ந்தெடுத்தார். ரோஸிக்கு அந்தத் தேர்வே கிடைக்கவில்லை. "கலைஞருக்கு ஏற்ற ஊர்" என்று பட்டியல் போடும்போது வாடகையும் கேலரிகளும் வரும், இது வராது. ராத்திரி ஒத்திகை முடிந்து ஒரு பெண் தனியாக வீடு திரும்ப முடியுமா? சாதியும் மதமும் கேட்காமல் வீடு வாடகைக்குக் கிடைக்குமா? இந்த இரண்டுக்கும் பதில் 'இல்லை' என்றால், அந்த ஊரில் எத்தனை கேலரி இருந்தும் உங்களுக்குப் பயனில்லை.

போகாமலே இருந்தவர்கள்

மலையாள சினிமா பல பத்தாண்டுகள் மெட்ராஸில்தான் தயாரானது. அந்தக் காலத்தில் 1930இல் திருவட்டாறில் பிறந்த பாடகர் கமுகற புருஷோத்தமன் மெட்ராஸில் குடியேறவில்லை. ஊரில் பள்ளி ஆசிரியராக, தலைமை ஆசிரியராக இருந்துகொண்டே பாடினார். பாட்டுகள் நிலைத்துவிட்டன. ஆனால் கூப்பிட்டவுடன் ஸ்டூடியோவுக்குப் போகிற தூரத்தில் இல்லாததால் வாய்ப்புகள் குறைந்தன. போகாமல் இருப்பதற்கும் விலை உண்டு. அவர் கொடுத்த விலை பாட்டுகளின் எண்ணிக்கை.

எழுத்தில் கணக்கு வேறு மாதிரி. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திய ஆ. மாதவன் அந்தத் தெருவையே தமிழ்க் கதைகளாக எழுதினார். 2015இல் சாகித்ய அகாடமி விருது. 'தலைமுறைகள்' எழுதிய நீல. பத்மநாபன் கேரள மின்வாரியத்தில் பொறியாளர். அவருக்கு 2007இல் அதே விருது. இருவருக்கும் சோறு திருவனந்தபுரத்தில், வாசகர் பெரும்பாலும் தமிழ்நாட்டில். கேரளத்தில் சுமார் 5 லட்சம் பேர் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னதாக 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. உள்ளூரிலேயே முழுச் சந்தை கிடைக்க அது போதாது. வேர் பிடிக்கப் போதும்.

ஆக, முதலில் பார்க்க வேண்டியது உங்கள் கலை எது என்பதை. தபாலில் போகிற கலையா, நேரில் நிற்க வேண்டிய கலையா? எழுத்து, இல்லஸ்ட்ரேஷன், இசைத் தயாரிப்பு இன்று வீட்டிலிருந்தே போகும். சினிமா, நாடகம், நடனம், பெரிய சிற்பம், இதெல்லாம் ஆள் நேரில் நின்றால்தான் நடக்கும்.

சரி, இப்போ எந்த ஊர் எதற்கு?

திருவனந்தபுரம்: கோட்டுகாலில் இருந்து சுமார் 20 கி.மீ. கற்க நல்ல ஊர். நுண்கலைக் கல்லூரி, சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி, சித்ரா ஆர்ட் கேலரி, டிசம்பரில் ஐ.எஃப்.எஃப்.கே. பெரிய வசதி, வீட்டில் இருந்துகொண்டே போய்வரலாம். ஓவியம் வாங்குபவர் கூட்டம் சிறியது.

கொச்சி: மலையாள சினிமாவின் இன்றைய மையம். பினாலே 2012 டிசம்பர் 12இல் தொடங்கியது. மாணவர் பினாலே புதியவர்களுக்கு நல்ல வாசல். ஆனால் ஒரு விஷயம்: பினாலே கண்காட்சி, விற்பனைச் சந்தை அல்ல. 2020இல் நடக்க வேண்டியது 2022க்குத் தள்ளிப்போனது. திருவிழாவை நம்பி மாத வாடகை கட்ட முடியாது. இன்னொன்று, அதைத் தொடங்கிய போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் மும்பையில் படித்துப் பெயர் எடுத்த பிறகுதான் கொச்சிக்கு அந்தத் திட்டத்தோடு வந்தார்கள்.

சென்னை: தமிழில் வேலை செய்பவர்களுக்குத் தவிர்க்க முடியாத ஊர். 1850இல் தொடங்கிய அரசு நுண்கலைக் கல்லூரி, லலித் கலா அகாடமி மண்டல மையம், சினிமா, மார்கழி இசைவிழா. கூட வேலை செய்ய ஆள் கிடைக்கும். வாடகை சேமிப்பைச் சீக்கிரம் தின்னும்.

பெங்களூரு: பகல் வேலையும் கலையும் சேர்ந்து ஓட வசதியான ஊர். சித்ரகலா பரிஷத்தின் 'சித்ர சந்தை'யில் ஓவியர்கள் தெருவில் நின்று நேரடியாக விற்கலாம். இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதன் நிதியுதவிக்கு விண்ணப்பிக்க நீங்கள் பெங்களூருவில் இருக்க வேண்டியதில்லை, இந்திய மொழிகளில் எழுதியும் அனுப்பலாம்.

இந்தப் பட்டியலும் நிரந்தரமில்லை. மலையாள சினிமாவே மெட்ராஸ், திருவனந்தபுரம், கொச்சி என்று மூன்று ஊர் மாறியிருக்கிறது. கோட்டுகாலும் மாறுகிறது. விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்டது. அது வளர வளர, பக்கத்துக் கிராமங்களில் நிலத்துக்கும் வாடகைக்கும் போட்டி கூடலாம். இன்றைய மலிவான ஊர் பத்து வருஷத்தில் அப்படியே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

சேமிப்பை மாதங்களாக மாற்றுங்கள்

ஒரு உதாரணக் கணக்கு. கையில் 2,40,000 ரூபாய் சேமிப்பு என்று வைப்போம். பெருநகரத்தில் வாடகை, சாப்பாடு, வண்டிச் செலவு, வண்ணம் எல்லாம் சேர்த்து மாதம் 20,000 என்றால் 12 மாதம் தாங்கும். வீட்டிலேயே இருந்து 8,000இல் முடித்தால் 30 மாதம். வித்தியாசம் 18 மாதம், அதாவது வரைவதற்கு ஒன்றரை வருஷம்.

அந்த ஒன்றரை வருஷத்தைக் கொடுத்து பெருநகரத்தில் நீங்கள் வாங்குவது என்ன? ஒரு ஆசிரியரா, ஒரு குழுவா, வாங்குபவரா? பெயர் சொல்லிப் பதில் சொல்ல முடிந்தால் போகலாம். "அங்கே ஒரு வைப் இருக்கு" என்பது மட்டும் பதிலென்றால், மூணு மாசம் போய் இருந்து பார்த்துவிட்டுத் திரும்புவது மலிவு.

தனியாகப் போகணுமா?

இந்தக் கணக்கை 1960களிலேயே வேறு விதமாகப் போட்டவர் கே. சி. எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் பிறந்து, மெட்ராஸ் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். படித்து முடிக்கும் மாணவர்கள் பிழைப்புக்காக ஓவியத்தை விட்டுவிடுவதைப் பார்த்தார். பாத்திக் துணி மாதிரியான கைவினைப் பொருள்களைக் கூட்டாகச் செய்து விற்று, அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் பிறந்தது. காலையில் கைவினை, மற்ற நேரத்தில் ஓவியம். அந்த மணல்வெளி பிறகு ஈசிஆரின் விலையுயர்ந்த பகுதி ஆனது. 30க்கும் மேற்பட்ட கலைஞர்கள் சேர்ந்து வாங்கியிருந்ததால் வாடகை அவர்களைத் துரத்தவில்லை.

கோட்டுகாலுக்குப் பக்கத்திலேயே இதைவிடப் பழைய உதாரணம் இருக்கிறது. பாலராமபுரத்தின் சாலியர் நெசவாளர்கள் இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியில் இருந்து, சுமார் 200 வருஷத்துக்கு முன், பாலராமவர்மா மகாராஜா காலத்தில் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவரப்பட்டவர்கள். தறியோடு, தெருவோடு, வாங்கும் அரண்மனையோடு சேர்த்துக் குடியமர்த்தப்பட்டார்கள். அதனால்தான் தொழில் நின்றது. 2009இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆகவே, எந்த ஊர் என்று கூகுளில் தேடுவதற்கு முன் ஒரு தாளில் நாலு வரி எழுதுங்கள். கற்பது, பிழைப்பு, பார்வையாளர், கூட்டாளிகள். இதில் எது இப்போது உங்களிடம் இல்லை? இல்லாத ஒன்றுக்காக மட்டும் ஊர் மாறுங்கள். இருக்கிற மூன்றையும் சேர்த்து விற்றுவிட்டுப் போகாதீர்கள். டேனியல் நிலத்தை விற்றதில் தப்பில்லை. திரும்பி வர ஒரு துண்டு மிச்சம் வைத்திருந்தால், இரண்டாவது படமும் எடுத்திருக்கலாம்.